வேய் என்ற சொல்லுக்கு ஒரு சாட்சி

அகராதி அலுவலகத்தில் அவருக்கு 'வழிசொல்லி' என்று பேர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கை காட்டுவார்கள். ஆனால் காரணம் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஓர் அட்டையை மனுஷன் இன்னும் விட்டபாடில்லை. டீ வேளையில் பேச்சு அரசியலில் தொடங்கினாலும் சரி, சர்க்கரை வியாதியில் தொடங்கினாலும் சரி, சுற்றிச் சுற்றி அந்த அட்டையில்தான் வந்து நிற்கும். அட்டையில் இருந்தது ஒரே வாக்கியம். வைக்கோல் கூரை போடுகிற ஒருவர் சொன்னது:

"வேயறதுன்னா மூடறது இல்லீங்க, தண்ணிக்கு வழி சொல்றது."

நல்ல வாக்கியம்தான், யாரும் மறுக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் முதல் தடவை கேட்கும்போது "அட!" என்பார்கள். நாற்பதாவது தடவை கேட்கும்போது டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவார்கள். அவரோ குழாயடி வரைக்கும் கூடவே போய் மீதியைச் சொல்லி முடிப்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அகராதி 'க'வில் இருந்தது. மூத்தவர்கள் நல்ல எழுத்துகளையெல்லாம் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். கடைசியாக வந்தவருக்குக் கடைசி எழுத்து என்று, 'வே'யில் தொடங்கும் சொற்களை இவர் தலையில் கட்டினார்கள். பத்து வருஷத்தில் உன் முறை வந்துவிடும் தம்பி, அதுவரை மற்றவர்களுக்கு ஒத்தாசையாக இரு என்றார்கள். பத்து வருஷம் இருபதானது, இருபது முப்பதானது. 'த'வைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்துபோனார். 'ப'வைப் பார்த்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கூரையின் சுண்ணாம்பு உதிர்ந்து இழுப்பறைகளில் விழுந்துகொண்டிருந்தது. ரப்பர் வளையங்கள் உருகி அட்டைகளோடு ஒட்டிக்கொண்டன.

அந்தக் காலம் முழுக்க அவர் பார்த்த வேலை 'காண்க' போடுவது. ஒரு சொல்லுக்கு நேராகப் பொருள் எழுதாமல், இன்னொரு சொல்லைக் குறிப்பிட்டு அங்கே காண்க என்று எழுதுவார்களே, அது. எந்தச் சொல்லிலிருந்து எந்தச் சொல்லுக்கு ஆளை அனுப்ப வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதுவார். ஒரு மனுஷன் காலையில் ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்து, இங்கே ஒன்றும் இல்லை, அங்கே போய்ப் பார் என்று சாயங்காலம் வரைக்கும் எழுதி, அதையே முப்பத்தொரு வருஷம் செய்தால் அவன் மனசு என்னவாகும்? அவருடைய மனசு போய் அந்த ஒற்றை அட்டையில் உட்கார்ந்துகொண்டது. அவர் சொந்தமாகக் கொண்டுவந்தது என்று அந்தக் கட்டடத்தில் வேறு எதுவும் கிடையாது.

அட்டை என்றால் தபால் கார்டு அளவு. மேலே சொல், அதன் கீழே பொருள், அதற்கும் கீழே உதாரண வாக்கியம், அடியில் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. அடிக்குறிப்பு இல்லாவிட்டால் அட்டை குப்பைக்குப் போக வேண்டியதுதான். சேரும் அன்றைக்கே இரண்டு விதி சொல்லித் தருவார்கள். தொகுப்பவர் தாமாக ஒரு வாக்கியத்தை உண்டாக்கி உதாரணம் காட்டக்கூடாது, அது எத்தனை அழகாக இருந்தாலும் சரி. "நீ சொல்லுக்குச் சாட்சி தேடறவன். நீயே கூண்டுல ஏறி நிக்கக் கூடாது" என்பார் பழைய தலைமைப் பதிப்பாசிரியர். இரண்டாவது விதி, அச்சில் இல்லாமல் ஒருவர் வாயால் சொல்லக் கேட்டதென்றால், சொன்னவரின் பேரும் கையெழுத்தும் வேண்டும்.

இவர் அட்டையின் அடியில் இருந்தது: 'கூரைக்காரர் ஒருவர், பால் பண்ணை மாட்டுக் கொட்டகை, வாய்மொழி.' பேரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. போதாக்குறைக்கு அதைக் கேட்ட இடத்தில் எழுதவில்லை, திரும்பி வரும்போது பஸ்ஸில் முழங்காலில் வைத்து எழுதினார். எழுத்து குதித்துக் குதித்துக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. தனக்கு ஒரு எழுத்து கிடைத்துவிட்ட உற்சாகத்தில், ஊர்க் கோடியில் யாரோ கூரை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடியிருக்கிறார். இருபத்தேழு வயசு, ஓடாமல் என்ன செய்யும்?

அந்த வாக்கியத்தின் மேல் அவர் ஒரு மாளிகையே கட்டிவிட்டார். பழைய தலைமைப் பதிப்பாசிரியரின் கணக்கு எளிமையானது. கூரையில் வைக்கோலைப் பரப்புவதும் வேய்தல், தலையில் பூச்சூடுவதும் வேய்தல், அரசன் முடி சூடுவதும் வேய்தல். எல்லாமே மேலே வைத்து மூடுவது. ஆகவே வேய் என்றால் மூடு, தீர்ந்தது விஷயம். மூங்கிலுக்கும் வேய் என்று பேர் உண்டே என்று யாராவது கேட்டால், அது வேறு சொல், வேறு அட்டை என்று கையை உதறிவிடுவார். நம்மவர் ஒப்புக்கொள்ளவில்லை. பூவும் முடியும் மேலே சும்மா உட்கார்ந்திருக்கின்றன, கூரை அப்படியா உட்கார்ந்திருக்கிறது என்பார். அது ராத்திரி பகலாக வேலை செய்கிறது, விழுகிற ஒவ்வொரு துளியையும் ஒரு வைக்கோல் தாளிலிருந்து அடுத்த தாளுக்குக் கை மாற்றிக் கீழே அனுப்புகிறது. பழைய நூல்களில் ஒற்றுக்கும், அதாவது உளவு பார்ப்பதற்கும், வேய் என்று பேர். மூடுவதற்கும் ஒற்றுக்கும் என்ன சம்பந்தம்? வழி காட்டுவதுதான் சம்பந்தம். ஆகவே அந்தச் சொல்லின் ஆதிப் பொருள் மூடுவது அல்ல, வழிப்படுத்துவது. கூரை போடுகிறவனே அப்படித்தானே சொல்கிறான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதைக் கட்டுரையாக எழுதி ஒரு கருத்தரங்கில் வாசித்தார். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஏசிக்காக வந்தவர். வாசித்து முடித்ததும் பழைய தலைமைப் பதிப்பாசிரியர் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தக் கூரைக்காரர் பேரு என்ன?" இவர் மேடையில் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், இல்லாத பேர் தாளில் எப்படி வரும்? அன்றிலிருந்துதான் 'வழிசொல்லி' என்ற பேர் நிலைத்தது என்பார்கள்.

அந்தத் தலைமைப் பதிப்பாசிரியர் போய், அவருக்கு அடுத்தவரும் போய், கடைசியாக ஓர் அம்மாள் வந்தார். நாற்பது வயசுக்காரர், கறாரானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். அவர் வந்த இரண்டாம் வருஷம் அகராதி தட்டுத் தடுமாறி 'வே'க்கு வந்து சேர்ந்தது. நம்மவர் ஓய்வு பெற இன்னும் நான்கு மாசம்தான் இருந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளின் அறைக்குள் போனார்.

அந்த அம்மாள் அட்டையைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"சார், இதை ஏன் இத்தனை வருஷமா வெளியவே வச்சிருந்தாங்க?"

"கையெழுத்து இல்லைன்னு மேடம்."

"அது விதிதானே. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது." அட்டையை மேசையில் வைத்தார். "ஆளைத் தேடிப் பாருங்க சார். இருந்தா ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. ரெண்டாவது பொருளா உங்க பொருளையே போடலாம், இந்த வாக்கியத்தோட. மாசக் கடைசிக்குள்ள வேணும். அதுக்கு மேல என்னால பக்கத்தை நிறுத்தி வைக்க முடியாது."

முப்பத்தொரு வருஷமாக மூடிக் கிடந்த கதவு அவ்வளவு சுலபமாகத் திறந்துவிட்டது. அந்த ஒரு வரி அச்சேறினால் அவர் ஓர் ஆள். ஏறாவிட்டால் ஆயிரம் பக்கத்துக்குக் 'காண்க' போட்டவர், அவ்வளவுதான். இது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். மனைவி ஒரு மருத்துவமனையின் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"முதல்லயே போய் வாங்கியிருந்தா இத்தனை வருஷம் இழுத்திருக்காதுல்ல?" என்றார், சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே.

"எங்கே போய்த் தேடறது? பேரும் தெரியாது, ஊரும் தெரியாது."

"பால் பண்ணை தெரியும்ல? ரெண்டு பஸ். அதுக்கு முப்பது வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்கலையா உங்களுக்கு?"

அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. உனக்கு இதெல்லாம் புரியாது என்று கத்திவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். இத்தனை கோபம் எதற்கு என்று அவரே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பால் பண்ணை இப்போது டயர் கிடங்காக இருந்தது. காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரில் சைக்கிள் பழுது பார்க்கிறவர்தான், "கொட்டகைக்குக் கூரை போட்டவரா? இருக்காரே. மக வீட்டுல இருக்காரு, குடியிருப்புல ரெண்டாவது மாடி. கீழ துணி தேய்க்கிற வண்டி நிக்கும் பாருங்க, அதான் மக" என்றார். கேட்ட முதல் ஆளுக்கு அடுத்த ஆளே சொல்லிவிட்டார். இதைத்தான் முப்பத்தொரு வருஷமாகக் கண்டுபிடிக்க முடியாத காரியம் என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரை மாடிக்குக் கூட்டிப்போனார். ஒரே அறை. கட்டிலைச் சுற்றி மூட்டை மூட்டையாகத் தேய்த்த துணிகள், ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதிய சீட்டு. கட்டிலில் ஒரு கிழவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். முழங்கால் போய்விட்டது, காதும் கண்ணும் நன்றாக இருந்தன, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"பேன்ட் போட்டுக்கிட்டு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன தம்பியா?" என்றார் எடுத்த எடுப்பில். "உன்னை மறக்க முடியுமா? அந்தக் கொட்டகைக்கு எத்தனையோ பேர் வந்தாங்க, மாட்டை விட்டுட்டு என்னைப் பார்க்க வந்தது நீ ஒருத்தன்தான்."

நம்மவர் ஒரு துணி மூட்டையை நகர்த்திவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். ஆள் இருக்கிறார், நினைவும் இருக்கிறது. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? மகள் டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் பையிலிருந்து அட்டையை எடுத்தார், படிவத்தை எடுத்தார், அகராதி என்றால் என்ன, இந்த வாக்கியம் எவ்வளவு பெரிசு என்று விளக்கினார். கிழவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கூரை வேலையை விட்டது வருத்தமா இல்லையாங்க?" என்று நடுவில் ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

"எதுக்கு வருத்தம்? மூக்கெல்லாம் தூசி, கையெல்லாம் கீறல், பாம்பு வேற. இதோ பாரு, சிமெண்டு. ஒழுகலை, எரியலை, எலி கூடு கட்டலை. நல்லவேளை, ஒழிஞ்சுது."

"சரிங்க. அன்னிக்கு நீங்க சொன்னது இது. சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க." அட்டையைப் படித்துக் காட்டினார். முப்பத்தொரு வருஷமாகப் படித்துப் படித்துக் குரலில் ஒரு ராகமே வந்திருந்தது.

கிழவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாருக்கு" என்றார். பிறகு, "ஆனா இது நான் சொன்னது இல்லையே தம்பி" என்றார்.

"நீங்கதாங்க சொன்னீங்க. மேலேர்ந்து சொன்னீங்க. ஏணிக்குப் பக்கத்துல நான் நின்னேன்."

"நீ நின்னே, சரி. வேயறதுன்னா என்னங்கன்னு கேட்டே. மேல வைக்கோலைப் போட்டு மூடறதுதான்னேன். நீ விடலை. வெறுமே மூடறதாங்க, இல்ல தண்ணிக்கு வழி சொல்றதான்னு கேட்டே." கிழவர் சிரித்தார். "மேகம் கறுத்துக்கிட்டு வருது. பாதிக் கூரை தொறந்து கிடக்கு. கீழ பதினாறு மாடு. பண்ணைக்காரன் கத்தறான். ஏணியை நீ பிடிச்சுக்கிட்டு நிக்கறே, நான் எறங்கி அடுத்த வைக்கோல் கட்டை எடுக்கணும். ஆமாங்க, அதேதான், வழி சொல்றதுதான்னேன். நீ ஏணியை விட்டாப் போதும்னு இருந்துச்சு எனக்கு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நம்மவர் சிரிக்கவில்லை.

"நல்லா யோசிச்சுப் பாருங்க ஐயா. உங்க தொழில்ல இப்படிப் பேசற வழக்கம் இருந்திருக்கும்..."

"எங்க தொழில்ல யாரு பேசறா? வாயில கட்டற கயிறு இருக்கும். வேயறதும்பாங்க பெரியவங்க, நாங்க கூரை போடறதும்போம். தண்ணிக்கு வழி சொல்றது, கிழி சொல்றதெல்லாம் உன் பேச்சு."

கிழவருக்கு வயசாகிவிட்டது, தடுமாறுகிறார் என்று நினைக்கத்தான் பார்த்தார். ஆனால் நினைக்க முடியவில்லை. அன்றைக்குப் பிடித்த ஏணியின் கட்டை மறுபடி அவர் கைக்கு வந்துவிட்டது போலிருந்தது. அண்ணாந்து பார்த்து, கழுத்து வலிக்க வலிக்க, படித்த திமிரோடு, வெறுமே மூடுவதா இல்லை இப்படியா என்று கேட்ட குரல் காதில் விழுந்தது. அது அவருடைய குரல்தான். மேலேயிருந்து வந்தது 'ஆமாங்க' மட்டும். பஸ்ஸில் முழங்காலில் வைத்து எழுதும்போது கேள்வியை விட்டுவிட்டார், வாக்கியத்தை மட்டும் தூக்கி அந்த ஆள் வாயில் வைத்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ரெண்டு பஸ் ஏறி வர முப்பத்தொரு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போது அவருக்குப் புரிந்தது. உள்ளே எங்கேயோ அது அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

அட்டை போச்சு. கட்டுரை போச்சு. ஆதிப் பொருள், ஒற்று, வழி எல்லாம் போச்சு. பழைய தலைமைப் பதிப்பாசிரியர் சொன்னது சரி, வேய் என்றால் மூடு.

அவர் முகம் போன போக்கைக் கிழவர் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"என்ன தம்பி, இதுக்குப் போயா? கையெழுத்துதானே வேணும்? கொடு, போட்டுத் தர்றேன்."

"அது சரி வராதுங்க. நீங்க சொன்னதுன்னு..."

"ஆமாங்கன்னு சொன்னேன்ல? அதுவும் சொன்னதுதானே. கெட்ட பேச்சு ஒண்ணும் இல்லையே, நல்ல பேச்சுதானே."

"அப்பா, எதுல போடறோம்னு பார்த்துப் போடுங்க" என்றார் மகள்.

"எழுதி வாங்க எங்கிட்ட நிலம் புலமா இருக்கு? போடி."

இந்த இடத்தில் அவர் எழுந்திருக்கலாம். அட்டையைப் பைக்குள் வைத்து, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியிருக்கலாம். அப்படிச் செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் எழுந்திருக்கவில்லை. நான்கு மாசம் கழித்து ஒரு மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதோடு அவர் அந்தக் கட்டடத்தில் இருந்ததற்கே அடையாளம் இருக்காது என்று நினைத்தார். கட்டிலோரம் கிடந்த இஸ்திரிப் பலகையின் மேல் படிவத்தை விரித்தார், ஓரம் சுருண்டபோது தன் விரலாலேயே பிடித்துக்கொண்டார். கிழவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பேரைப் போட்டு முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது.

திரும்பும்போது பஸ்ஸில் அவருக்கு ஒரு விசித்திரமான சந்தோஷம் வந்தது. அப்படியானால் அந்த வாக்கியம் தன்னுடையது! வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு எழுதிய ஆள், இருபத்தேழு வயசில் ஒரு மாட்டுக் கொட்டகையில் அண்ணாந்து நின்று அப்படி ஒரு வரி சொல்லியிருக்கிறான். கேட்டவர்களெல்லாம் 'அட!' என்றது தன் வரிக்கு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தார். இரண்டு நிறுத்தம் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குள் அகராதியின் முதல் விதி நினைவுக்கு வந்துவிட்டது. தன் வாக்கியம் என்றால் அகராதியில் அதற்கு இடம் இல்லை. அகராதியில் வர வேண்டும் என்றால் அது தன்னுடையது இல்லை. அது தன்னுடையது இல்லை என்பதற்குக் கையெழுத்திட்ட சாட்சிப் படிவம் அவர் பையிலேயே இருந்தது. அவரே தேடிப் போய் வாங்கியது.

"என்ன சொன்னாரு?" என்று மனைவி கேட்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டாரு."

"பார்த்தீங்களா! நான் சொல்லலை?" மனைவி உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அன்றைக்கு அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அதையும் அவர் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் படிவத்தைத் தலைமைப் பதிப்பாசிரியரிடம் கொடுத்தார். அந்த அம்மாள் பேரைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார். "நேர்லயே பார்த்துட்டீங்களா சார்? அவரே சொன்னாரா?" என்று கேட்டார். "சொன்னாருங்க மேடம்" என்றார். வேய் என்ற சொல்லின் இரண்டாவது பொருளாக 'நீர் வழிந்தோடும்படி கூரை அமை' என்று ஏறியது. அதன் கீழே அந்த வரி ஏறியது, அதன் கீழே கிழவரின் பேர் ஏறியது.

புத்தக வெளியீடும் அவர் ஓய்வும் ஒரே நாளில் அமைந்தன. தலைமைப் பதிப்பாசிரியர் மேடையில், இந்தத் தொகுதியிலேயே எனக்குப் பிடித்த வரி என்று அதை வாசித்தார். கூட்டத்தில் 'அட!' என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "படிக்காத ஒரு உழைப்பாளியின் வாயிலிருந்து வந்த வரி இது. நம்மைப் போன்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டாலும் இப்படி ஒன்று எழுத முடியாது. இதை முப்பத்தொரு வருஷம் காப்பாற்றி வைத்திருந்தவர் இதோ இருக்கிறார்" என்றார். கைதட்டினார்கள். அவரைப் பேசச் சொன்னார்கள். மைக்கின் முன்னால் நின்று, அது நான் சொன்னது என்று கத்த வேண்டும் போலத்தான் இருந்தது அவருக்கு. நன்றி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் ஒரு பத்திரிகை அந்த வரியைக் கட்டம் கட்டிப் போட்டது. பிறகு பள்ளிப் பாடப் புத்தகத்தில் சேர்க்க அனுமதி கேட்டுக் கடிதம் வந்ததாகக் கேள்வி.

ஒரு பிரதியைக் கிழவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் முடிவு செய்தார்கள். யார் கொண்டுபோவது? பழக்கமானவர் அவர்தானே. கனமான தொகுதியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரெண்டு பஸ் ஏறிப் போனார். மாடிப்படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

மகள் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படித்தார். கிழவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தன் பேர் வரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிடச் சொன்னார், மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஆளையும் கூப்பிடச் சொன்னார். நான்கு பேர் சேர்ந்ததும் மூன்றாவது தடவை படிக்க வைத்தார்.

"எப்படீங்க சொன்னீங்க இப்படி?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் வாயைப் பிளந்தார்.

கிழவர் காலைச் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேகம் கறுத்துக்கிட்டு வருது" என்று ஆரம்பித்தார். "பாதிக் கூரை தொறந்து கிடக்கு. கீழ பதினாறு மாடு. இந்தத் தம்பி ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. வேயறதுன்னா மூடறதுதானேங்கன்னு கேக்குது. நான் மேலேர்ந்து சொன்னேன், அட, மூடறது இல்லப்பா, தண்ணிக்கு வழி சொல்றதுன்னு."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று நம்மவர் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டே இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. நான்கு மாசமாக அந்தக் கையெழுத்தை நினைத்து நினைத்து, தான்தான் சொன்னோம் என்று அவர் மனசு ஒப்புக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சிரித்த மகளும் அப்பா சொல்வதற்கெல்லாம் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இனி இந்த உலகத்தில் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்த ஆள் ஒருவர்தான் மிச்சம். அவர் துணிப்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்கள் போன பிறகு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதி வச்சதாலதான் தம்பி இது நின்னுச்சு. இல்லேன்னா என்னோட போயிருக்கும். உங்க மாதிரி படிச்சவங்களுக்கு எழுதி வைக்க வரும். ஆனா இப்படி ஒரு பேச்சு வாயில வருமா? நீயே சொல்லு, வருமா?"

"வராதுங்க" என்றார்.